கத்தரிக்குப் பயந்தால் ரோஜா பூக்காது

நர்சரியில் வாங்கும்போது நாலு பூவும் ஏழெட்டு மொட்டுமாகக் குலுங்கிய செடி, வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வெறும் முள்ளும் குச்சியுமாக நிற்கும். ‘எங்க வீட்டு மண்ணுக்கு ரோஜா வராதுங்க’ என்று கைகழுவிவிடுவோர் பலர். பெரும்பாலும் குறை மண்ணில் இல்லை. செடியைத் தேர்ந்தெடுப்பதிலும், அதைவிட முக்கியமாக, வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாமல் விடுவதிலும்தான் இருக்கிறது.

எதை வாங்குவது?

ஊட்டி ரோஜா பூங்காவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும் ரகம், சென்னை, மதுரை வெயிலில் அதே அளவுக்குப் பூக்காது. சூடு ஏற ஏறப் பூ சிறுத்துவிடும். சமவெளிக்காரர்கள் முதலில் பன்னீர் ரோஜா, ஆந்திரா சிவப்பு ஆகியவற்றில் தொடங்கலாம். பூ சிறிதுதான், ஆனால் வெயிலைத் தாங்கும், தலையில் வைக்கவும் பூஜைக்கும் கொத்தாகக் கிடைக்கும். பன்னீர் ரோஜாவின் வாசனையோ தெருமுனை வரை வரும்.

பூவை எண்ணிச் செடி வாங்காதீர்கள். அடியிலிருந்து மூன்று நான்கு திடமான கிளைகள், புதிதாக விடும் சிவந்த துளிர்கள், இலையின் அடிப்பக்கத்தில் பூச்சி இல்லாமை ஆகியவற்றைப் பாருங்கள். ஒட்டுச் செடி என்றால் தண்டின் அடியில் முண்டு போல ஒட்டுப்பகுதி தெரியும். நடும்போது அது மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் கிளை காட்டு ரோஜாவுடையது. மளமளவென்று வளர்ந்து சாப்பாட்டையெல்லாம் தின்றுவிடும். நீங்கள் வாங்கிய பூவைத் தராது. கண்டதும் அடியோடு கிள்ளி எடுங்கள்.

நடவு

தரையில் நடுவதானால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. இருக்கும்படி குழி எடுக்க வேண்டும். தொட்டி என்றால் 12 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடமாகப் பாருங்கள். நட்டதும் இருக்கிற பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் வேர் பிடிக்க வேண்டிய செடியைப் பூச் சுமக்க வைக்கக் கூடாது.

வெட்டினால்தான் துளிர்

ரோஜா புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். அந்தப் பூ வாடியதோடு அந்தக் கிளையின் வேலை முடிந்தது. பூவை மட்டும் கிள்ளினால் போதாது. காம்போடு இறங்கி வந்து, ஐந்து சிற்றிலை கொண்ட முழு இலைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்க்கும் கணுவை விட்டுச் சாய்வாக வெட்ட வேண்டும். அந்தக் கணுவிலிருந்து வரும் துளிரில் சுமார் ஆறேழு வாரத்தில் அடுத்த பூ.

வருடத்துக்கு ஒரு முறை பெரிய கவாத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்கான காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஊர்களில் மழை ஓய்ந்ததும் செய்யலாம். காய்ந்தது, நோய்ப்பட்டது, குறுக்கே வளர்ந்தது எல்லாவற்றையும் நீக்கி, மிச்சத்தைப் பாதி உயரத்துக்குக் குறைக்க வேண்டும். வெட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள். தண்டின் நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் நுனிக்கருகல் உள்ளே இறங்கியிருக்கிறது. வெள்ளையாகத் தெரியும் வரை இன்னும் கீழே வெட்டுங்கள். பிறகு வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள். செடிக்குச் செடி கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தால் நோய் பரவாது.

தண்ணீர், பூச்சி

காலையில், வேரடியில் தண்ணீர் ஊற்றுங்கள். சாயங்காலம் இலை நனைந்தால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று கரும்புள்ளி நோய் வரும். உதிர்ந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். கோடையில் இலைக்கு அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செம்பேன். அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெருமளவு குறையும். மொட்டின் ஓரம் கருகி விரியாமல் நின்றால் இலைப்பேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். டீத்தூள் சக்கையை உரமாகப் போடுவதானால் பாலும் சர்க்கரையும் போக அலசிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் எறும்பு குடிவந்துவிடும்.

கவாத்து செய்த செடியைப் பார்த்து, ‘இப்படி மொட்டையடிச்சிட்டியே’ என்று வீட்டில் திட்டு விழும். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், கணுக்களில் துளிர் வெடிக்கும். நல்ல வெயிலில் இருந்தும் செடி பூக்கவில்லை என்றால், உரக்கடைக்குக் கிளம்புவதற்கு முன் கத்தரியை எடுங்கள்.