காவிரிக் கரையின் பூவரசு

பஞ்சாப், அரியானா மாநிலங்களின் வயல் வரப்புகளில் பாப்லர் என்னும் மரத்தை வரிசையாக நட்டு வளர்க்கின்றனர். விரைந்து வளரும் அதன் மென்மையான வெண்ணிற மரம் ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் பயன்படுகிறது. குளிர்நாட்டு மரமாகிய அது தஞ்சை வயல்வெளியில் இல்லை. ஆனால், அதன் பெயர் இங்கு உண்டு. வாய்க்கால் கரைகளில் நிற்கும் பூவரசின் தாவரவியற்பெயர் தெஸ்பீசியா பாபுல்னியா. 'பாப்லரை ஒத்தது' என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். இலையின் இதய வடிவமே இதற்குக் காரணம். தமிழரோ அவ்விலையில் அரசிலையைக் கண்டனர். கண்கவர் பூப்பூக்கும் அரசு, பூவரசாயிற்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'போர்ஷியா' என்பதும் இத்தமிழ்ச்சொல்லின் திரிபே.

உறவுமுறையில் பூவரசு பாப்லருக்கும் அரசுக்கும் நெருங்கியதன்று; பருத்தி, வெண்டை, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்தது. காலையில் மஞ்சளாக விரியும் பூ, மாலைக்குள் செந்நிறம் ஏறி வாடுவதை இன்றும் காணலாம்.

மரத்தின் வெளிப்பகுதி வெளிறியும் வயிரம் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். நெருங்கிய இழைகளை உடையதாதலின் எளிதில் பிளவாது, ஈரத்தையும் தாங்கும். சேற்றிலும் வண்டித்தடத்திலும் உழைக்க வேண்டிய கருவிகளுக்கு இவ்விரு பண்புகளும் இன்றியமையாதவை. ஆகவேதான் தச்சர்கள் கலப்பைக்கும் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், வட்டை முதலிய உறுப்புகளுக்கும் பூவரசைக் கொண்டனர். பசிபிக் தீவாகிய ஹவாயில் 'மைலோ' எனப்படும் இதே மரத்தில் உணவுக்கலங்கள் கடைந்தனர். உணவின் சுவையை இது கெடுப்பதில்லை. அத்துணைத் தொலைவுக்கு அது பரவியதில் வியப்பில்லை: அதன் விதைகள் கடல்நீரில் மிதந்து சென்று முளைக்கும் ஆற்றல் உடையவை.

மரம் நிற்கும்போதும் பயனுண்டு. தழை நெல்வயலுக்கு உரம், ஆட்டுக்குத் தீவனம். இலையில் கொழுக்கட்டையை வைத்து அவிப்பர். சிறுவர்க்கோ அதைச் சுருட்டினால் பீப்பீ!

மரச்சக்கரத்தின் இடத்தை இரப்பர்ச் சக்கரமும், கலப்பையின் இடத்தை டிராக்டரும் பிடித்தபின் தச்சர் பூவரசைத் தேடி வருவது அருகிவிட்டது. கரைகளை அகலப்படுத்தும்போது வெட்டப்படும் மரம் பெரும்பாலும் விறகாகிறது. வயிரமேறப் பல்லாண்டு காத்திருந்த மரத்தை அடுப்பில் வைப்பது இழப்பே என்பதில் ஐயமில்லை.

வேலிக்கும் நிழலுக்கும் ஆயின், ஈரமுள்ள பருவத்தில் ஒரு போத்தை வெட்டி நட்டாலே போதும், துளிர்த்துவிடும். மரத்துக்காக வளர்ப்போர் விதையிலிருந்து வளர்ப்பதே நன்று. பருத்த போத்திலிருந்து வளர்ந்தவற்றுள் பல நடுவே உளுத்துப் பொந்தாகிவிடும் என்பர். பொந்து விழுந்த மரத்தில் ஆரக்கால் செதுக்க இயலாது.