புது வண்ணம் பூசிய பழைய மோரிஸ்



பிரிஞ்சாங் கடைவீதியில் ஒரு மளிகைக் கடையின் சுவரில் சில மாதங்களுக்கு முன் ஒரு தாள் ஒட்டியிருந்தது. “மோரிஸ் மைனர், 1959. முழுவதும் புதுப்பித்தது. நல்ல உரிமையாளர் தேவை” என்று கைப்பட எழுதி, பக்கத்தில் ஒரு புகைப்படமும் வைத்திருந்தார்கள். இளம்பச்சை வண்ணம், கண்ணாடிபோல் மின்னும் பம்பர், வட்ட விளக்குகள். பார்த்தவர் யாரும் இரண்டு நிமிடம் நிற்காமல் போகவில்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன், இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். “சார், இதை வாங்கலாமா?” என்று கேட்டான். அவனுக்குக் கல்யாணம் நெருங்குகிறது. கையில் இருப்பதோ, அவனுடைய அம்மா பல வருடம் கொழுந்து பறித்துச் சேர்த்த சேமநிதிப் பணம். நான் கார் பழுதுபார்ப்பவன் அல்லன். ஆனாலும் ஒரு பழைய மைனரைப் பல வருடம் வைத்திருந்து, அதனால் பட்டும் தெளிந்தவன். அவனுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தக் காரை நம்மில் மூத்தவர்கள் நன்றாக அறிவார்கள். தோட்டத்துக் கிராணி, ஆஸ்பத்திரி டிரெசர், பள்ளி ஆசிரியர் என்று 1950களிலும் 60களிலும் சிறு சம்பளக்காரர்கள் வாங்க முடிந்த கார் இது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் இதை அமைத்தார். 1948-ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளியிட்டார்கள். அதற்கு முன் நடந்த ஒரு சம்பவம் வேடிக்கையானது. மாதிரிக் கார் தயாரான பிறகு இசிகோனிஸுக்கு அதன் அகலம் போதவில்லை என்று தோன்றியது. காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்தார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டியபோது “இதுதான் சரி” என்றாராம். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாக, முன் மூடியின் நடுவில் தட்டையாக ஒரு பட்டை ஓடுவதை இன்றும் பார்க்கலாம். நிறுவனத் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கு மட்டும் இந்தக் கார் பிடிக்கவில்லை. ஓடு நீக்கி வேகவைத்த முட்டை என்று எள்ளினாராம். அந்த முட்டைதான் 1960 முடிவதற்குள் பத்து லட்சம் தயாரானது. பிரிட்டிஷ் கார்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது இதுவே.

தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் அம்பாஸடர் காரில் ஏறியிருப்பீர்கள். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெரிய அண்ணனை வைத்து இந்தியாவில் செய்தது. 2014 வரை செய்தார்கள். தம்பி மைனரின் தயாரிப்போ 1970களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் மைனர் எதுவாயினும் ஐம்பது வயதைத் தாண்டியதுதான்.

இனி, “புதுப்பித்தது” என்ற சொல்லுக்கு வருவோம். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, நான்கு வருடம் பாடுபட்டவனும் புதுப்பித்தது என்றுதான் எழுதுவான். ஓட்டைமேல் பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடித்து, ஒரே வாரத்தில் முடித்தவனும் அதையேதான் எழுதுவான். புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வேறுபாடு காரின் அடியில் இருக்கிறது.

ஏன் அடியில்? லேண்ட் ரோவரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலையில் இன்றும் காய்கறி சுமக்கிறதே, அதற்குக் கீழே கனமான இரும்புச் சட்டம் தனியாக இருக்கிறது. உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. மைனருக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடு, பக்கவாட்டுப் பெட்டி, குறுக்குத் தண்டு எல்லாம் சேர்த்து ஒட்டிய உடலே எலும்பாகவும் இருக்கிறது. நண்டுக்கு ஓடுதானே எலும்பு? அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு உளுத்தால் நண்டு இல்லை.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மேகம் வாசலுக்கு வந்து போகிற இடம் இது. துணி காய இரண்டு நாள் ஆகிறது என்றால், இரண்டு தகடுகள் ஒட்டிய இடுக்கில் புகுந்த ஈரம் எத்தனை நாள் தங்கும்? வெயிலும் காற்றும் அங்கே எட்டாது. மண் அப்பிக்கொண்டால் ஈரம் இன்னும் நிலைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ஆகவேதான் வண்ணத்துக்கு அடியில் கொப்புளம் போல் எழும்புகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால், உள்ளே அது பல மாதமாகத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடலின் மேல் நகர்த்துங்கள். நல்ல தகட்டில் இழுத்துப் பிடிக்கும். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் நழுவிவிடும். பிறகு விற்பவரிடம் அனுமதி கேட்டு, உள்ளே விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் படுத்து, திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். உறுதியான தகடு கணீரென்று சொல்லும். உளுத்தது மொத்தென்று சொல்லும். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களையும், கதவுக்குக் கீழுள்ள பக்கவாட்டுப் பெட்டிகளையும் விடக் கூடாது. ஜேக் வைக்கும் இடத்தில் வைத்துக் காரைச் சற்றே தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்ப்பதும் நல்லது. கதவு இடித்தால், காரின் நடு வளைகிறது. இதையெல்லாம் செய்யவிடாத விற்பனையாளரிடம் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

முன்சக்கரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கிறது. அது ஒரு பித்தளை போன்ற உலோகத் துண்டுக்குள் திருகியிருக்கும். தவறாமல் கிரீஸ் அடித்தால் நெடுங்காலம் உழைக்கும். மறந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்றுவிடும். சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிப் படுத்துவிடும். எனக்கு அது நேர்ந்தது, நல்லவேளை, கோயில் வாசலில் திருப்பும்போது. மலைவளைவில் நேர்ந்திருந்தால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடலாமா? காரும் நான்கு பேரும் சேர்ந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோ என்று வையுங்கள். பிரிஞ்சாங் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; தாப்பாவோ சமவெளியில். இவ்வளவு எடை அவ்வளவு தூரம் கீழே இறங்கினால் விடுபடும் சக்தியை வெப்பமாக்கினால், நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அத்தனையையும் காற்றும் எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மைனரின் நான்கு சக்கரத்திலும் இருப்பது டிரம் பிரேக். அளவு மீறிச் சூடானால் டிரம் விரியும், உள்ளே உரசும் பட்டையின் பிடியும் தளரும். மிதித்தால் கால்தான் போகும், வேகம் போகாது. போதாததற்கு, நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் போவது ஒரே வழியில். எங்கே கசிந்தாலும் கால் பிரேக் முழுவதும் போய்விடும். கைப் பிரேக் மட்டுமே மிஞ்சும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்; ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும். ஆகவே எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். இறங்கும்போது சின்ன கியரில் இறங்க வேண்டும். அந்தக் காலத்து லோரி ஓட்டுநர்கள் “ஏறின கியரிலேயே இறங்கு” என்பார்கள்.

உயரம் எஞ்சினுக்கும் ஒரு சங்கடம். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. 1959-ஆம் ஆண்டு மைனரின் 948 சி.சி. எஞ்சினுக்கு 37 குதிரைசக்திதான். அதிலும் இங்கே கொஞ்சம் குறைந்துவிடும். கார்புரேட்டர் சமவெளிக்கு ஏற்றபடி இருந்தால் பெட்ரோல் அதிகமாகி, பிளக்கில் கரி படியும். தண்ணீரும் இங்கே சுமார் 95 பாகையிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டர் அடைத்திருந்தால் ரிங்லெட் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும்.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்று பையன் கேட்டான். மற்றப் பழைய கார்களைவிட இதற்குச் சுலபம். விரும்பிகள் பல நாடுகளில் இருப்பதால் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1990களில் இலங்கையில் மைனருக்கு உடல் தகடு செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். ஆனால் கப்பல் கூலியைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பதிவுப் பத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: எஞ்சின் எண்ணும் உடல் எண்ணும் பத்திரத்தில் உள்ளபடியே காரிலும் இருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தக் காரைப் பார்க்கப் போனோம். உரிமையாளர் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். ஒன்றையும் மறைக்கவில்லை. பழைய ரசீதுகளை பிஸ்கட் டின்னோடு எடுத்துவந்து மேசையில் கொட்டினார். காந்தம் எங்கும் நழுவவில்லை. கதவு இடிக்கவில்லை. பையன் பாயை விரித்து அடியில் படுத்துத் தட்டிக்கொண்டே போனான். இடது பின்சக்கரத்து ஸ்பிரிங் தாங்கியில் மொத்தென்றது. இரண்டாம் முறை தட்டியதும் வண்ணம் உதிர்ந்து, உள்ளே பழைய துருவின்மேல் வைத்துப் பூசிய தகரம் தெரிந்தது. அந்த வேலையை ஒரு பட்டறையில் பணம் கொடுத்துச் செய்திருக்கிறார் பெரியவர். ரசீதும் இருக்கிறது. வெகுநேரம் அவர் பேசவில்லை.

“இதுலதானே வாத்தியாரே என் பேத்திய ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தேன்” என்றார்.

மறுநாள் கடைச் சுவரில் தாள் இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி ஒட்டியிருந்தார். விலையை மாற்றவில்லை. கீழே மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: “இரண்டு பின் ஸ்பிரிங் தாங்கியும் புதிது. அடியில் படுத்துப் பார்க்கலாம், பாய் இருக்கிறது.” பையன் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.