ஹெர்-2: பரிசோதனை அறிக்கையின் ஒரு வரி

மார்பகப் புற்றுநோய்க்கான திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘ஹெர்-2’ என்றொரு வரி இருக்கும். அதன் எதிரே ‘பாசிட்டிவ்’ என்று கண்டதும் பலர் கலங்கிவிடுகின்றனர். அச்சொல்லின் பொருளை இங்கு விளக்க விரும்புகிறோம்.

நம் உடலின் உயிரணுக்கள் கட்டளையின்றிப் பெருகுவதில்லை. வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் செய்தி கொண்டு வருகின்றன. உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் அதனைப் பெற்று உள்ளே செலுத்துகின்றன. ஹெர்-2 அத்தகைய ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. தன் இனத்து மற்றோர் ஏற்பியுடன் இணைந்து அது செய்தியை வலுப்படுத்துகிறது.

இயல்பான உயிரணுவில் ஹெர்-2 மரபணு இரண்டு படிகளாக இருக்கும். மார்பகப் புற்றுநோயாளிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 பேருக்குக் கட்டியின் உயிரணுக்களில் இம்மரபணு பல படிகளாகப் பெருகிவிடுகிறது. ஏற்பிகளும் அளவுக்கு மீறி உருவாகின்றன. நெருங்கி நிற்கும் அவை தமக்குள் இணைந்து, ‘பெருகு’ என்னும் கட்டளையை ஓயாமல் அனுப்புகின்றன. அதனால் கட்டி விரைந்து வளர்கிறது. இம்மாற்றம் கட்டிக்குள் மட்டுமே நிகழ்வது. பெற்றோரிடமிருந்து வந்ததன்று, பிள்ளைகளுக்குச் செல்வதுமன்று.

இவ்வகை நோய் கடுமையானது என்பதை 1987ஆம் ஆண்டில் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினரின் ஆய்வு காட்டியது. எனினும் மிகுந்து நிற்கும் அந்த ஏற்பியே மருந்துக்கு இலக்காகவும் அமைந்தது. ஏற்பியின் வெளிப்பகுதியைப் பற்றிக்கொண்டு செய்தியைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆகவே ‘பாசிட்டிவ்’ என்பது, நோய்க்கு நேரான மருந்து உண்டு என்பதையும் உணர்த்துகிறது.

அறிக்கையில் 0 அல்லது 1+ எனில் ‘நெகட்டிவ்’. 3+ எனில் ‘பாசிட்டிவ்’. 2+ எனில் முடிவு உறுதியாகவில்லை என்று பொருள். அப்போது மரபணுப் படிகளை எண்ணும் ‘ஃபிஷ்’ பரிசோதனையைத் தவிர்க்கலாகாது. நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில், 1+, 2+ என்ற அளவுகளுக்கும் பயன்படும் புதிய மருந்துகள் உள்ளன. எனவே அந்த எண் அடங்கிய அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

தொடக்க நிலை நோய்க்கு டிராஸ்டுசுமாப் பெரும்பாலும் 3 வாரங்களுக்கு ஒருமுறை, ஓராண்டுக் காலம் தரப்படுகிறது. கீமோதெரபி முடிந்து தலைமுடி வளரத் தொடங்கியதும் ‘குணமாகிவிட்டது’ என்றெண்ணிச் சிலர் இதனை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு செய்ய வேண்டாம். செலவு தடையாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் கூறுங்கள். இந்தியாவில் தயாராகும், விலை குறைந்த நிகர் மருந்துகள் உள்ளன.

இம்மருந்து சிலருக்கு இதயத்தின் ஆற்றலைக் குறைக்கக்கூடும். ஆதலால் சிகிச்சைக்கு முன்னரும், பின்னர் ஏறத்தாழ 3 மாதங்களுக்கு ஒருமுறையும் எக்கோ பரிசோதனை செய்கிறோம். மூச்சு வாங்குதலோ கால் வீக்கமோ தோன்றினால் அடுத்த ஊசி நாள் வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள். உரிய நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலோருக்கு இதயம் மீண்டும் வலுப்பெறுகிறது.