அறுவடைக்குப் பிந்தைய பூசண அழுகலும் தடுப்பு முறைகளும்: மாங்கனியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பறித்த பழங்களும் காய்கறிகளும் அழுகுவதற்குப் பூசணங்கள் முதன்மைக் காரணிகளாக அமைகின்றன. அழுகல் கண்ணுக்குப் புலப்படுவது கிடங்கிலும் சந்தையிலும் என்றாலும், தொற்று பல வேளைகளில் தோட்டத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. பூசணம் எப்போது, எவ்வழியாகக் கனிக்குள் நுழைகிறது என்பதைக் கொண்டே தடுப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை, மாங்கனியின் ஆந்த்ராக்னோஸ் நோயைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பூசண அழுகல், உறங்குநிலைத் தொற்று, ஆந்த்ராக்னோஸ், வெந்நீர் நேர்த்தி, மாங்கனி

முன்னுரை

பறிக்கப்பட்ட கனி உயிரற்ற பொருளன்று. அது தொடர்ந்து சுவாசிக்கிறது, நீரை இழக்கிறது. மா, வாழை போன்றவை பறித்த பின்னரும் பழுக்கின்றன. பழுக்கும்போது சதை மென்மையடைகிறது, இனிப்பு கூடுகிறது, இயற்கையான எதிர்ப்பாற்றல் குறைகிறது. உண்பவருக்கு உகந்த இந்நிலையே பூசணத்திற்கும் உகந்ததாகிறது. பழங்களின் அமிலத்தன்மை பாக்டீரியாக்கள் பலவற்றைத் தடுத்தாலும் பூசணங்களைத் தடுப்பதில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மா உழவர்களுக்கு இது வருவாய் சார்ந்த சிக்கலாகும். காய் அழுகும் வேளையில் நீர், உரம், பறிகூலி, வண்டி வாடகை அனைத்தும் செலவாகி முடிந்திருக்கும். ஆகவே அழுகலைத் தடுக்கும் முறை பிழையானால், இழந்ததை ஈடுசெய்ய அப்பருவத்தில் வேறு வழியில்லை.

பூசணம் நுழையும் இரு வழிகள்

அறுவடைக்குப் பிந்தைய பூசணங்களை நுழையும் வழியைக் கொண்டு இரண்டாகப் பகுக்கலாம்.

முதலாவது, காய வழித் தொற்று. ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றில் பச்சைப் பூசணம் தோற்றுவிக்கும் பெனிசிலியம் டிஜிட்டேட்டம் இதற்குச் சிறந்த சான்று. சிதையாத தோலை இப்பூசணம் துளைப்பதில்லை. நகக்கீறல், பெட்டியின் ஆணி, கீழே விழுந்த அடி ஆகியவை உண்டாக்கும் காயமே இதற்கு வாயிலாகிறது.

இரண்டாவது, உறங்குநிலைத் தொற்று. இதில் பூசணம் காய் மரத்தில் இருக்கும்போதே தொற்றி, வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கிறது. மாங்கனியில் ஆந்த்ராக்னோஸை உண்டாக்கும் கொலெட்டோட்ரைக்கம் குளோயோஸ்போரியாய்டிஸ் இவ்வகையைச் சார்ந்தது.

முதல் வகைக்குக் காயம் படாமல் கையாளுதலே பெரும் மருந்தாகும். இரண்டாம் வகையில், எவ்வளவு கவனமாகக் கையாண்டாலும் உள்ளே உள்ள தொற்று நீங்குவதில்லை. இவ்வேறுபாட்டைக் கருதாத தடுப்பு முறை பயன் தருவதில்லை.

மாங்கனியில் உறங்குநிலைத் தொற்று

காய்ந்த கிளைகளிலும் நோயுற்ற இலைகளிலும் பூங்கொத்துகளிலும் உருவாகும் பூசண வித்துகள், மழைத்துளியின் தெறிப்பால் பூக்களுக்கும் இளங்காய்களுக்கும் பரவுகின்றன. ஈரம் நீடித்தால் வித்து முளைத்து, தோலில் ஒட்டி அழுத்தும் சிறு உறுப்பு ஒன்றை உருவாக்குகிறது. அதிலிருந்து எழும் நுண்ணிய முளை தோலின் மேற்படலத்தைத் துளைத்தவுடன் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

முதிராத மாங்காயின் தோலில் உள்ள ரிசார்சினால் வகைச் சேர்மங்கள் பூசண வளர்ச்சியைத் தடுப்பன. 1980களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் ஆல்டர்னேரியா ஆல்டர்னேட்டா என்னும் கரும்புள்ளிப் பூசணத்தைக் கொண்டு ஆராய்ந்து, காய் பழுக்கப் பழுக்க இச்சேர்மங்களின் அளவு குறைவதையும், அதனை ஒட்டி உறங்கிய தொற்று விழித்தெழுவதையும் காட்டினர். தோட்டத்தில் மாசற்றுக் காணப்பட்ட காய், பழ மண்டியில் கரும்புள்ளிகளோடு காணப்படுவதன் காரணம் இதுவே. எனவே, அழுகலுக்கு வண்டிக்காரரையோ வணிகரையோ மட்டும் பொறுப்பாக்குவது அறிவியல் அடிப்படையில் பொருந்தாது.

தோட்ட நிலையிலும் பறிப்பிலும் தடுப்பு

தொற்று தோட்டத்தில் நிகழ்வதால் தடுப்பும் அங்கேயே தொடங்க வேண்டும். காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்து அகற்றுதல், மரத்தினுள் காற்றும் ஒளியும் புகச் செய்தல், பூக்கும் பருவத்திலும் பிஞ்சுப் பருவத்திலும் பரிந்துரைக்கப்பட்ட பூசணக்கொல்லியைத் தெளித்தல், வளரும் காய்களுக்குப் பையிடுதல் ஆகியன வித்துகள் காயைச் சென்றடைவதைக் குறைக்கின்றன.

பறிக்கும்போது காம்பைச் சிறிது விட்டு வெட்டுதல் வேண்டும். காம்பு அடியோடு பிய்ந்தால் பால் வடிந்து தோலைக் கருக்குகிறது. அத்துடன் காம்பு முனை அழுகலை உண்டாக்கும் லேசியோடிப்ளோடியா தியோப்ரோமே போன்ற பூசணங்களுக்கும் வழி ஏற்படுகிறது. வலை கட்டிய தொரட்டியால் பறித்து, காயை மண்ணில் படாமல் வைப்பது காய வழித் தொற்றையும் தடுக்கும்.

வெந்நீர் நேர்த்தி

உறங்குநிலைத் தொற்று தோலின் மேலடுக்குகளிலேயே தங்கியிருப்பதால், சதையைச் சிதைக்காத அளவு வெப்பத்தால் அதனை அழிக்க இயலும். முதிர்ந்த மாங்காய்களை ஏறத்தாழ 52 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடங்கள் அமிழ்த்துவது வழக்கமான முறையாகும். பழ ஈக்களை அழிக்க ஏற்றுமதிக்காகச் செய்யப்படும் நேர்த்தி இதனின் வேறானது. அது 46 முதல் 48 டிகிரி அளவில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிப்பது.

இம்முறைக்கு மூன்று வரம்புகள் உள்ளன. வெப்பம் குறைந்தால் பூசணம் பிழைக்கும். கூடினால் தோல் வெந்து நிறம் கெடும். முதிராத காய்கள் வெப்பத்தை எளிதில் தாங்குவதில்லை. வெந்நீர் எச்சம் எதையும் விட்டுச் செல்லாதது நுகர்வோருக்கு நன்மை. அதே காரணத்தால் பின்னர் ஏற்படும் தொற்றிலிருந்து அது காப்பதில்லை. ஆகவே நேர்த்திக்குப் பின் காய்களை ஆற வைத்து, ஈரம் உலர்த்தி, தூய பெட்டிகளில் அடுக்குதல் இன்றியமையாதது.

பூசணக்கொல்லியின் வரம்பும் குளிர்பதனமும்

பென்சிமிடசோல் வகைப் பூசணக்கொல்லிகள் பூசணத்தின் பீட்டா டியூபுலின் என்னும் ஒரே புரதத்தைத் தாக்குகின்றன. அப்புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து செயலிழக்கக்கூடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எதிர்ப்புத்திறன் கொண்ட பூசணங்களையே தோட்டத்தில் பெருக்குகிறது. மேலும், எச்ச அளவு மிகுந்தால் சரக்கு ஏற்றுமதிச் சந்தையில் மறுக்கப்படும்.

குளிர்ச்சி பூசணத்தின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே அன்றி அழிக்காது. மாங்காயை ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழ் நெடுநாள் வைத்தால் குளிர்க்காயம் ஏற்பட்டுத் தோல் நிறம் மங்கும், சரியாகப் பழுக்காது, வலுவிழந்த திசுவில் அழுகல் விரைவாகும். பழம் கெடாதிருக்க இயன்ற அளவு குளிர வைத்தல் என்னும் பொது எண்ணம் வெப்பமண்டலப் பழங்களுக்குப் பொருந்தாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், அறுவடைக்குப் பிந்தைய அழுகல் என்னும் பெயர் நோய் வெளிப்படும் காலத்தைக் குறிக்கிறதே அன்றித் தொற்றும் காலத்தைக் குறிக்கவில்லை என்பது தெளிவாகிறது. காய வழித் தொற்றுக்குக் கவனமான பறிப்பும் தூய்மையும், உறங்குநிலைத் தொற்றுக்குத் தோட்டப் பாதுகாப்பும் வெந்நீர் நேர்த்தியும், இரண்டுக்கும் உரிய வெப்பநிலையில் சேமிப்பும் தேவை. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. கவாத்து, காம்போடு பறித்தல் போன்ற செலவு குறைந்த செயல்களைச் சிறு உழவர் தாமே மேற்கொள்ளலாம். வெப்பநிலையைத் துல்லியமாகக் காக்கவேண்டிய வெந்நீர் நேர்த்தியை உழவர் குழுக்கள் பொதுவில் அமைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றதாகும்.