பட்டியலில் இல்லாத குற்றவாளி

2016 ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூரின் வட்டப்பாதை மெட்ரோ ரயில்கள் காரணம் தெரியாமல் நடுவழியில் நிற்கத் தொடங்கின. இவை சாரதியின்றி ஓடுபவை. ரயிலுக்கும் கட்டுப்பாட்டு முறைக்கும் இடையே அலைவழித் தொடர்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும். அது அறுந்தால் ரயில் தானாகவே அவசரத் தடையைப் போட்டு நின்றுவிடும். சில நாட்களில் ஓய்ந்த தொல்லை, நவம்பர் தொடக்கத்தில் மறுபடி தலைகாட்டியது.

நவம்பர் 5ஆம் தேதி, அரசுத் தொழில்நுட்ப முகமையின் தரவு ஆய்வாளர்கள் மூவரிடம் தடைப் பதிவுகள் வந்தன. நேரம், இடம், ரயில் எண், ஓடிய திசை: இவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். தொல்லை எல்லா நேரத்திலும், எல்லா இடத்திலும், பல ரயில்களிலும் நேர்ந்திருந்தது. எதுவும் பிடிபடவில்லை.

பிறகு நேரத்தையும் இடத்தையும் ஒரே படத்தில் சேர்த்தார்கள். ஓர் அச்சில் நேரம், மற்றதில் நிலையங்கள். ரயில்வேயில் இது பழைய உத்தி. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மாரே தம் நூலில் அச்சிட்டதால் அவர் பெயரால் அறியப்படுகிறது. இந்தப் படத்தில் ஓடும் ரயில் சாய்கோடாகத் தெரியும். இலங்கையின் மதவாச்சி - தலைமன்னார் ஒற்றைப் பாதையை இப்படி வரைந்தால், எதிரெதிர் ரயில்களின் கோடுகள் வெட்டும் புள்ளி ஒன்றையொன்று விலகத்தக்க நிலையமாக இருந்தாக வேண்டும்.

சிங்கப்பூர்ப் படத்தில் தடைப்புள்ளிகள் சாய்கோடுகளாக விழுந்தன. பாதிப்பு ஒரு ரயிலின் வேகத்தில் பாதை நெடுக நகர்ந்தது. ஆனால், பாதிக்கப்பட்ட ரயில்கள் போன திசைக்கு எதிராக. அப்படியானால் எதிர்ப்பாதையில் வந்த ஏதோ ஒரு ரயில், தன்னைக் கடந்தவற்றின் தொடர்பைக் கெடுத்திருக்க வேண்டும். அது தான் நிற்காததால் பட்டியலில் இடம்பெறவே இல்லை. நிலைய ஒளிப்பதிவுகளைப் பார்த்தபோது ஐயம் பிவி46 என்ற ரயில் மீது விழுந்தது. மறுநாள் அதை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்தார்கள். மறுநாள் அதை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்தார்கள். அதன் சமிக்ஞைக் கருவியில்தான் கோளாறு.

பாதிக்கப்பட்டதன் பதிவு மட்டும் போதாது என்ற இந்தப் பாடம் இலங்கையின் மன்னார்த் தீவின் தென்கரையிலும் பொருந்தும். 2020 டிசம்பரில் இலங்கை மின்சார சபை திறந்த தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 3.45 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் 30 இருக்கின்றன. இத்தகைய காற்றாலைகளில் காற்றின் வேகம், மின் உற்பத்தி, பல்சக்கரப் பெட்டியின் வெப்பம் ஆகியவை வழக்கமாக 10 நிமிடச் சராசரிகளாகப் பதிவாகும். ஒன்றில் உற்பத்தி குறைந்தால் காற்றுக் குறைந்ததா, இயந்திரம் பழுதா என்பதை அதன் பதிவு மட்டும் சொல்லாது. அயலில் உள்ளவற்றின் பதிவும் வேண்டும். தென்மேற்குக் காற்று கரையோரக் காற்றாலை வரிசைக்குக் குறுக்கே வீசுவதால் பெரிய சிக்கலில்லை. காற்று வரிசையின் நீளவாக்கில் திரும்பினால், முன்னால் சுழல்வது கலைத்த காற்றே பின்னாலுள்ளதற்குக் கிடைக்கும். உற்பத்தி குறைவது ஒன்றில், காரணம் இன்னொன்றில்.

இதற்கெல்லாம் முதல் தேவை, எல்லா இயந்திரங்களின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுவது. ஒவ்வொன்றும் சில நிமிடம் பிசகியிருந்தால், சிங்கப்பூரின் சாய்கோடு வெறும் புள்ளிச் சிதறலாகவே தெரிந்திருக்கும்.