தரகரின் பதிவெண்

மனையோ அடுக்குமாடி வீடோ வாங்குபவர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் தரகரைத்தான் என்றாலும், அவருடைய தகுதியையும் பொறுப்பையும் வரையறுக்க இந்தியாவில் நாடு தழுவிய சட்டம் நெடுங்காலம் இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டமே அக்குறையை நீக்க முற்பட்டது. ஒரு திட்டத்திலுள்ள மனை அல்லது வீட்டின் விற்பனையில் ஒருவர் சார்பாகப் பேசி முடித்து, அதற்குக் கமிஷனோ வேறு ஊதியமோ பெறும் எவரும், புரோக்கர், இடைத்தரகர், ஏஜென்ட் என எப்பெயரில் வழங்கினாலும், இச்சட்டப்படி முகவரே ஆவார். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017இல் வெளியாயின. பதிவு வழங்கும் அதிகாரம் மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் உள்ளது.

சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, பதிவு பெறாத முகவர் எவரும் ஆணையத்தில் பதிவான திட்டத்தின் மனையையோ வீட்டையோ விற்றுத்தர இயலாது. தாம் முடித்துத்தரும் ஒவ்வொரு விற்பனையிலும் முகவர் தம் பதிவெண்ணைக் குறிப்பிட்டாக வேண்டும். அடுத்த பிரிவு, பதிவு செய்யப்படாத திட்டத்தை விற்றுத்தருவதையும், கிடைக்காத ஒப்புதல் கிடைத்துவிட்டதாகச் சொல்வதையும் தடுப்பதோடு, வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் அனைத்தும் முன்பதிவின்போதே கிடைக்கச் செய்யும் கடமையையும் முகவர்மேல் சுமத்துகிறது. இவற்றை மீறுவோருக்கு, மீறல் தொடரும் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்தச் சொத்தின் மதிப்பில் 5 விழுக்காடு வரை தண்டத்தொகை விதிக்கலாம். தவறான தகவலாலோ மோசடியாலோ பெற்ற பதிவை, முகவரின் விளக்கத்தைக் கேட்டபின் ஆணையம் ரத்து செய்யலாம்.

பதிவுச் சான்றைச் சொத்துக்கான உத்தரவாதமாகக் கொள்வதுதான் வாங்குபவரை எளிதில் வீழ்த்தும் பிழை. முகவர் இன்னார், ஆணையத்திற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதற்கு மேல் அச்சான்று எதையும் கூறுவதில்லை. நிலத்தின் உரிமையைத் தாய்ப்பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் காட்ட வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மிகாமலோ அமையும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதாலும், பழைய வீடுகளின் மறுவிற்பனை பெரும்பாலும் இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பதாலும், தெருமுனைத் தரகு வணிகத்தின் பெரும்பகுதியை இக்காவல் தொடுவதே இல்லை. இது வருந்தத்தக்க இடைவெளியாகும்.

பதிவெண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்ப்பதும், தரகுத் தொகைக்கு ரசீது பெறுவதும், எழுத்துவடிவ விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக் கட்டுமான நிறுவனத்துக்கு உரிமையில்லை என்பதை அறிந்திருப்பதும் வாங்குபவரின் கையிலுள்ள தற்காப்புகள். அவற்றையும் மீறி ஏமாற்றப்பட்டவர் 31ஆம் பிரிவின்கீழ் ஆணையத்தில் முகவர்மீது புகார் அளிக்கலாம். ஆணையத்தின் உத்தரவு கிடைத்த 60 நாள்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆயினும் முகவருக்கு விதிக்கப்படும் தண்டத்தொகை அரசின் கணக்கில் சேருமேயன்றி, இழந்தவர் கைக்கு வராது. எனவே புகார் மனுவில் முகவரைத் தண்டிக்கக் கோருவதோடு நில்லாமல், கொடுத்த பணத்தைத் திருப்பித்தர உத்தரவிடுமாறும் தனியே கேட்க வேண்டும், பணம் கைமாறியதைக் காட்டும் வங்கிச் சான்றுகளையும் அதனுடன் இணைக்க வேண்டும்.