நாங்களும் கொண்டாடலாம்: மலைநாட்டில் ஒரு மார்கழி விடுமுறை



திருவெம்பாவைக் காலம் தொடங்கிவிட்டால் மானிப்பாயில் விடியப்புறம் நித்திரை கொள்ள முடியாது. சங்கும் சேமக்கலமுமாகப் பிள்ளைகள் ஒழுங்கைகளைச் சுற்றி வருவார்கள். ஒரு பக்கம் மருதடிப் பிள்ளையார் கோயில் மணி, மறு பக்கம் தேவாலய மணி. நத்தார் கேக் வேலியால் இந்தப் பக்கம் வரும், கோயில் அவல் அந்தப் பக்கம் போகும்.

ஆனால் அதே மார்கழியில் நேரத்தோடு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் வீடுகளும் எம்மத்தியில் உண்டு. போரில் கணவனையோ பிள்ளையையோ இழந்த பெண்ணுக்கு என்ன கொண்டாட்டம் என்று ஊர் கேட்கும். ஊர் கேட்காவிட்டாலும் அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். இந்தக் கேள்வியைத் தம்முடன் சுமந்துகொண்டே 2023 ஆம் ஆண்டு மார்கழியில் மலைநாட்டுக்குப் போய்வந்த எமது பெண்கள் குழுவின் அனுபவத்தை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

சும்மா இருப்பதற்கு யார் உதவி தருவார்?

அந்த ஆண்டின் தொடக்கத்தில் எமது சேமிப்புக் குழுவின் 24 அங்கத்தவர்களும் வருடாந்தத் திட்டம் போடக் கூடியிருந்தோம். நான் வழமைபோலப் பலகையில் எழுதினேன்: கோழி வளர்ப்பு, தையல் இயந்திரம், வீட்டுத் தோட்டம். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா கையை உயர்த்தினார்.

"பிள்ளை, கோழி வளர்க்கிறதும் தைக்கிறதும் சரி. ஒரு நாளைக்குச் சும்மா இருக்கிறதுக்கு ஆரேன் உதவி தருவினமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, பத்து வருடமாக இந்தப் பெண்களோடு வேலை செய்யும் நான், அவர்களின் உழைப்பைப் பற்றி மட்டுமே திட்டம் போட்டு வந்திருக்கிறேன். அவர்களின் ஓய்வைப் பற்றி ஒரு தடவையாவது கேட்டதில்லை.

அன்றே தீர்மானித்தோம். எவரிடமும் நிதி கேட்பதில்லை. கிழமைக்கு ஆளுக்கு 250 ரூபா, தனி உண்டியல், தனிக் கொப்பி. மார்கழி வரும்போது ஒவ்வொருவர் பெயரிலும் ஏறத்தாழ 11,000 ரூபா சேர்ந்திருந்தது. "இவையளுக்கு இப்ப ரூர் ஒண்டுதான் குறை" என்று ஒழுங்கையில் பேசினார்கள். பேசியவர்களின் பிள்ளைகள் அதே மார்கழியில் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் பனிக்குள் நின்று எடுத்த படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எவரும் குறை சொல்லவில்லை.

"கதவைத் தட்டினால் ஆர் திறக்கிறது?"

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். 2009 மே மாதம் வட்டுவாகலில் கண்டதுதான் கணவரைக் கடைசியாகக் கண்டது. முகாமிலிருந்து மானிப்பாய்க்கு வந்த நாள்முதல் ஓர் இரவுகூட அவர் வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை. தங்கையின் கலியாணத்துக்குக் கூடப் போய்விட்டு அன்றிரவே திரும்பிவிட்டார். உண்டியலில் ஒழுங்காகக் காசு போட்டு வந்தவர், புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது வரவில்லை என்றார்.

"இரவிலை வீடு பூட்டிக் கிடக்கேக்கை அவர் வந்து கதவைத் தட்டினால் ஆர் திறக்கிறது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? இறந்தவருக்கு அந்தியேட்டி உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. அழுவதற்கு ஒரு நாளும், அழுகையை நிறுத்துவதற்கு ஒரு நாளும் எமது வழக்கத்திலேயே இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இவை எதுவும் இல்லை. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்கிறார். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்று சொல்லவும் முடியாது. பொட்டு வைத்தாலும் ஊர் கதைக்கும், வைக்காவிட்டாலும் கதைக்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் மனைவிமாரும் கேட்டது இந்தக் கேள்விக்கான விடையைத்தான்.

"அப்படி ஒண்டும் நடக்காது அக்கா" என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டு ஆச்சி மூன்று இரவும் அவரது விறாந்தையில் படுப்பது, விளக்கு எரிவது, கதவில் ஒரு கடதாசி ஒட்டுவது. கடதாசியில் இப்படி எழுதினார்: "நான் நுவரெலியாவுக்குப் போயிருக்கிறன். திங்கள் இரவு வந்துவிடுவன். திறப்பு ஆச்சியிட்டை இருக்கு." கீழே தனது கைத்தொலைபேசி இலக்கம்.

மார்கழி 22, வெள்ளிக்கிழமை இரவு பஸ் புறப்பட்டது. பெண்கள் 24 பேர், பிள்ளைகள் 9 பேர். ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம். ஒவ்வொரு இடமும் எங்களுக்கு இடப்பெயர்வின் பெயர்கள். வவுனியா தாண்டும்வரை ஒருவரும் பாடவில்லை. ஏ-9 வீதி கண்டிவரை 321 கிலோமீற்றர். அதன்பின் கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று பாதை வளைந்து வளைந்து ஏறியது. பிள்ளைகள் நீர்வீழ்ச்சிகளை எண்ணத் தொடங்கினார்கள். பனையும் வெளியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வானத்தை அண்ணாந்து பார்த்தால் அங்கும் தேயிலை நிற்பது பெரிய புதினம்.

மரைகள் மேயும் சமவெளி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து, பயன்படாமல் பெட்டிக்குள் கிடந்த குளிர்ச்சட்டைகள் அன்றுதான் வேலைக்கு வந்தன. சட்டை இல்லாதவர்கள் இரண்டு சேலையும் ஒரு போர்வையுமாகச் சமாளித்தார்கள்.

மறுநாள் ஞாயிறு அதிகாலை நான்கரை மணிக்கே ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். அம்பேவெலவைத் தாண்டிப் பட்டிப்பொல வருகிறது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அங்குதான் உள்ளது. பூங்கா வாயிலில் எங்கள் பைகளைத் திறந்து பொலித்தீன்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். பிட்டும் சம்பலும் வாழையிலைக்கும் சில்வர் பெட்டிக்கும் மாறின.

3,160 ஹெக்டயர் பரப்புள்ள இந்தச் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் உள்ளது. 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளில் கை வைக்கக் கூடாது என்று ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 1873 இல் ஆங்கிலேய அரசுக்கு ஆலோசனை சொன்னார். அதனால்தான் கீழே காடெல்லாம் தேயிலையான பின்பும் இந்தக் காடு தப்பியது. 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது இதுவும் அதனுள் அடங்கியது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. கிணற்றை மட்டும் நம்பி வாழும் குடாநாட்டுப் பெண்கள், மூன்று ஆறுகளுக்கு நீர் ஊறும் புல்வெளியில் காலடி வைத்தபோது செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள்.

வாயிலருகே மரைகள் ஆட்களுக்குப் பயப்படாமல் மேய்ந்தன. ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று, "அம்மா, இதை ஒருத்தரும் சுடமாட்டினமோ?" என்று கேட்டது. "இஞ்ச சுடேலாது. சட்டம் இருக்கு" என்றார் தாய். மற்றவர்கள் பேசாமல் நடந்தார்கள்.

சுற்றுப் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். முழங்கால் நோவுள்ள ஐந்து பேர் வாயிலருகில் தங்கிவிட்டார்கள். உலக முடிவு என்ற இடத்தில் மலை ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாக விழுகிறது. நாங்கள் போனபோது ஒரே வெள்ளை முகில். ஒன்றுமே தெரியவில்லை. இருபது நிமிடம் காத்திருந்தோம். காற்று ஒருமுறை வீசியதும் முகில் விலகியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"உலக முடிவெண்டு சொல்லிப்போட்டு, கீழை வீடுகள் தெரியுது பிள்ளை. ஆக்கள் இருக்கினம்."

லயத்தில் ஒரு நத்தார் இரவு

அன்று பின்னேரம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சங்கத்தினர் எங்களை அழைத்திருந்தார்கள். "வாங்க அக்கா, அடுப்புக்கிட்ட உக்காருங்க" என்று லயத்துக்குள் கூட்டிப் போனார்கள். அந்தச் சிறிய வீடுகளுக்குள் எங்கள் 33 பேருக்கும் எப்படி இடம் கிடைத்தது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

தேநீரை நாங்கள் ஒவ்வொரு நாளும் குடிக்கிறோம். அதைப் பறிக்கும் கைகளை எங்களில் பலர் அன்றுதான் பார்த்தார்கள். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த முன்னோரையும், 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்ததையும் அவர்கள் சொன்னார்கள். இருநூறு ஆண்டு நிறைவில், 2023 இல், அதே பாதையில் மக்கள் மறுபடியும் நடந்ததையும் சொன்னார்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "எங்கட துன்பம்தான் பெரிசெண்டு இருந்தம்" என்றார் எங்கள் குழுவின் தலைவி. 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடி, வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்த ஒரு அம்மா எங்களுடன் வந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே றொட்டி தட்டத் தொடங்கினார்.

இரவு கரோல் பாடிக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள். நாங்கள் கும்மி அடித்தோம். கைம்பெண்கள் கும்மி அடிக்கலாமோ என்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பத்து மணிபோல எங்களுக்கு இடம் தந்த வீட்டுத் தங்கையின் கணவர் வந்து சேர்ந்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை, பண்டிகைக்குத்தான் வருவாராம். பையைக் கீழே வைக்கமுன் பிள்ளைகள் கழுத்தில் தொங்கிவிட்டார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இந்த இடத்துக்கு அவரைக் கூட்டி வந்தது பிழையோ என்று பயந்தேன்.

படுக்கும்போது அவராகவே சொன்னார்: "அழுகை வந்ததுதான் பிள்ளை. எண்டாலும் பாக்க நல்லாயிருந்தது."

விடியப்புறம் கண்விழித்தபோது தூரத்தில் தாளமும் பாட்டும் கேட்டன. தோட்டத்துக் கோயிலின் மார்கழிப் பஜனை. "இஞ்சயும் எழுப்புறாங்கள்" என்று சிரித்தபடி அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பதினான்கு வருடத்தில் அவர் விடிந்த பின்னும் படுத்திருந்தது அன்றுதானாம்.

நீங்களும் போக விரும்பினால்

பத்து மாதத்துக்கு முன்பே சேமிக்கத் தொடங்குங்கள். பயணக் காசை வாழ்வாதாரக் கடன் காசோடு கலக்க வேண்டாம். சமவெளியில் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின் முகில் மூடிவிடும். ஆகவே விடியுமுன் புறப்பட வேண்டும். மார்கழியில் மழையும் இருக்கலாம். தையிலும் மாசியிலும் மழை குறைவு, ஆனால் புல்லில் உறைபனி படியும் அளவுக்குக் குளிர். இளைப்பு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு வாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஹக்கலைப் பூந்தோட்டமும் சீதாஎலிய அம்மன் கோயிலும் உண்டு. முக்கியமாக, வர விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். ஏன் வரவில்லை என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. வீதிகளும் புகையிரதப் பாதையும் சேதமடைந்தன. எனவே புறப்படுமுன் பாதை நிலைமையையும் காலநிலையையும் கட்டாயம் விசாரியுங்கள். புயல் செய்தி வந்த இரவு எமது அக்கா அந்தத் தங்கைக்கு விடாமல் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் தொடர்பு கிடைத்தது. வீடு வெடித்திருந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்த கிழமைக் கூட்டத்தில், அந்த வருடப் பயண உண்டியலை உடைத்து அரிசியும் போர்வையும் வாங்கி அனுப்புவோம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். மூன்று நாள் விடுமுறையில் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

2023 இல் நாங்கள் திரும்பி வந்தபோது திங்கள் நள்ளிரவாகிவிட்டது. அக்காவின் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆச்சி விறாந்தையில் குறட்டை விட்டபடி படுத்திருந்தார். ஒருவரும் வந்து தட்டவில்லை. அக்கா கதவில் இருந்த கடதாசியைக் கிழியாமல் உரித்தெடுத்து, மடித்து, சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

"அடுத்தமுறை போகேக்கை திகதியை மட்டும் மாத்தினால் சரி" என்றார்.

சகோதரிகளே, துக்கத்தை மறப்பதற்காக எவரும் சிரிக்க வேண்டியதில்லை. துக்கம் இருக்கும்போதே சிரிக்கலாம், சிரித்தபின்பும் காத்திருக்கலாம். உங்கள் ஒழுங்கையில் மார்கழி இரவில் விளக்கணைத்துப் படுக்கும் வீடு எது? அந்த விறாந்தையில் மூன்று இரவு படுக்கக்கூடிய ஆச்சியாக உங்களில் யார் முன்வருவீர்கள்?